ஆங்கிலப் பாடவேளையில் தொல்காப்பியர்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ரட்யார்ட் கிப்ளிங்கின் கவிதை ஒன்று இருக்கிறது. 'தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்' என்பது பெயர். வரலாற்றாசிரியர் ஃபிளெட்சரோடு சேர்ந்து கிப்ளிங் உருவாக்கிய இங்கிலாந்துப் பள்ளி வரலாற்று நூலில், 1911-இல் வெளிவந்தது. அதில் பேசுபவை இயந்திரங்கள். நாங்கள் எங்கிருந்து வந்தோம், எங்களுக்கு என்ன வேண்டும், உங்களுக்காக என்னவெல்லாம் செய்வோம், எங்களிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்று மனிதனிடம் சொல்கின்றன.

பாடநூல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் இந்தக் கவிதையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இயந்திரம் வீட்டுப் பேச்சில் தினமும் வருகிற ஒன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இடையில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களில் இன்று ஷிஃப்ட் பஸ்கள் மூன்று வேளையும் ஓடுகின்றன. அப்பா டைகேஸ்டிங்கில், அக்கா அசெம்பிளி லைனில் என்று சொல்லும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் இயந்திரங்கள் வாய் திறந்து பேசும் கவிதை நடத்தப்படுகிறது. ஆங்கில ஆசிரியருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

அந்த வாய்ப்பு பெரும்பாலும் எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதைத் தேர்வுக்கு முந்தைய திருப்புதலில் பார்க்கலாம். பொதுத்தேர்வில் ஒரு செய்யுள் பகுதியைக் கொடுத்து, ரைமிங் வேர்ட்ஸ் எவை, ரைம் ஸ்கீம் என்ன, அலிட்டரேஷன் எங்கே, எந்த ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என்று கேட்கிறார்கள். அதற்காகக் கையேடுகளில் வரி இடப்பக்கமும் அதன் அணி வலப்பக்கமும் அச்சாகியிருக்கும். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், அனஃபோரா என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். மாணவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார். கவிதையைத் திறக்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையைத் தேர்ச்சி பெற வைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இந்த முறை வளர்ந்தது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சொற்கள் எதற்காக உண்டானவையோ அந்த வேலை மட்டும் நடக்காமலே போய்விடுகிறது.

கிப்ளிங் கவிதையையே எடுத்துக்கொள்வோம். கையேடு சொல்லும் விடை 'பெர்சானிஃபிகேஷன்'. சரியான விடைதான். ஆனால் கவிதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த இயந்திரங்கள் என்ன பேசுகின்றன? தங்களுக்குப் பொய் விளங்காது என்கின்றன. அன்பு காட்டவோ, இரக்கப்படவோ, மன்னிக்கவோ தெரியாது என்கின்றன. கையாளும்போது ஒரு பிசகு நேர்ந்தால் நீ செத்தாய் என்கின்றன. அதாவது இயந்திரத்தை மனிதனைப் போலப் பேசவைத்து, அது மனிதன் இல்லை என்பதை அதன் வாயாலேயே சொல்லவைக்கிறார் கவிஞர். அணியின் பெயரோடு நிறுத்திவிட்ட மாணவர் இந்தத் திருப்பத்தைப் பார்ப்பதே இல்லை. பவர் பிரஸ்ஸில் கை போனால் என்ன ஆகும் என்பதை அறிந்த வீடுகள் இருக்கிற வட்டாரத்தில் இது தேர்வு வினாவைவிடப் பெரிய விஷயம்.

கவிதையின் முதல் பத்தியில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். இயந்திரங்கள் தங்கள் பிறப்பைச் சொல்கின்றன: சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டோம், உலையில் உருக்கப்பட்டோம், வார்க்கப்பட்டோம், அடிக்கப்பட்டோம், அறுக்கப்பட்டோம், அராவப்பட்டோம், அளவு பார்த்துப் பொருத்தப்பட்டோம். வரிகள் ஒரே தொடக்கத்தோடு திரும்பத் திரும்ப வருகின்றன. கையேடு இதற்கு அனஃபோரா என்று பெயர் போடும். ஆனால் வாசிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எடுத்தது யார்? உருக்கியது யார்? அராவியது யார்? எல்லாமே செயப்பாட்டுவினை. சுரங்கத் தொழிலாளியும் வார்ப்படக்காரரும் ஃபிட்டரும் அந்த வரிகளில் எங்கும் இல்லை. ஒவ்வொரு வினையும் ஒரு தொழிலாளியின் கைவேலை. ஆனால் கை மட்டும் காணவில்லை. 'பேசிவ் வாய்ஸ்' என்று இலக்கணப் பாடவேளையில் வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிப் பழகிய மாணவரிடம் இந்த இடத்தைக் காட்டி, 'செய்தவர் ஏன் வரவில்லை?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இலக்கணமும் கவிதையும் ஒன்று சேர்ந்துவிடும். நாளை ஒப்பந்தத் தொழிலாளியாகக் கையெழுத்துப் போடப்போகும் தாளில் 'பணியிலிருந்து விடுவிக்கப்படலாம்' என்று ஒரு வரி இருந்தால், விடுவிப்பது யார் என்று கேட்கத் தோன்றும்.

அதே பத்தியில் இயந்திரங்கள் தங்கள் தேவையையும் பட்டியலிடுகின்றன. தண்ணீர், நிலக்கரி, எண்ணெய், அசைவதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. அதாவது 0.0254 மில்லிமீட்டர். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்பதற்கான இடம் அது. ஃபீலர் கேஜ் பிடித்துப் பழகிய ஐ.டி.ஐ. அண்ணன் உள்ள பிள்ளை, இந்த வரியை எம்.ஏ. படித்த ஆங்கில ஆசிரியரைவிடத் தெளிவாக விளக்கும். 'கான்டெக்ஸ்ட் க்ளூ' என்று வாசிப்புப் பயிற்சியில் சொல்கிறோமே, தெரியாத சொல்லைச் சூழலிலிருந்து ஊகிக்கும் அந்தத் திறனுக்கு இவ்வட்டாரப் பிள்ளைகளின் வீடே துணை நிற்கிறது. அதை வகுப்பறைக்குள் அழைக்க வேண்டியதுதான் பாக்கி.

என் முதன்மையான வாதம் இனிதான் வருகிறது. இந்த ஆங்கிலச் சொற்கள் சுட்டும் வேலைகள் பெரும்பாலும் தமிழ் மாணவருக்குப் புதியவை அல்ல. மணி அடித்ததும் அதே வகுப்பறைக்குள் தமிழ் ஆசிரியர் வந்து, அதே வேலைகளை வேறு பெயர்களில், பல சமயம் இன்னும் கூர்மையாக நடத்துகிறார். இரண்டு பாடவேளைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட நன்னூலின் பொதுவியலில் பவணந்தி முனிவர் ஒரு விதி சொல்கிறார். அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் நடப்பன போலவும் செய்வன போலவும் சொல்லப்படுவது உண்டு என்பது அதன் கருத்து. பெர்சானிஃபிகேஷனுக்கு இதைவிட நேரான இலக்கணம் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலோ தற்குறிப்பேற்ற அணியைக் கற்பிக்கிறது. எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதையிலிருந்து வருகிறது. மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அந்த அசைவு, கோவலனையும் கண்ணகியையும் 'இங்கே வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதுபோல இருந்தது என்கிறார் இளங்கோவடிகள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மதுரைக் கொடி பேசவில்லை. காற்றில் இயல்பாக அசைந்தது. நடக்கப்போகும் கொடுமையை அறிந்த கவிஞர் தம் மனத்தை அந்த அசைவின்மேல் ஏற்றினார். கிப்ளிங்கின் இயந்திரங்களோ நேராகவே பேசுகின்றன; தம்மிடம் மனமே இல்லை என்றும் சொல்கின்றன. தற்குறிப்பேற்றமும் பெர்சானிஃபிகேஷனும் ஒன்றென்று எழுதிவிட்டால் விடை பிழை. எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று மாணவர் இரண்டு வாக்கியம் எழுதினால், அவர் இரண்டு மொழியிலும் கவிதை வாசிக்கக் கற்றுவிட்டார் என்று சொல்லலாம். இரண்டு பாடங்களும் ஒரே ஆண்டில், ஒரே வகுப்பில் இருக்கின்றன.

உவமையில் இந்த இழப்பு இன்னும் பெரிது. ஆங்கிலப் பாடவேளையில் சிமிலிக்கு அடையாளம் 'லைக்', 'ஆஸ்' என்ற இரண்டு சொற்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்ட மாணவர், எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்ற பொருளில் 'லைக்' வரும் வாக்கியத்தையும் சிமிலி என்று குறித்துவிட்டு வருகிறார். அதே மாணவருக்குத் தமிழில் உவமை, பொருள், உவம உருபு, பொதுத்தன்மை என்ற நான்கும் தெரியும். தொல்காப்பிய உவமவியல் ஒரு படி மேலே போய், அந்த ஒப்புமை வினையாலா, பயனாலா, வடிவத்தாலா, நிறத்தாலா என்று கேட்கச் சொல்கிறது. மெட்டஃபரின் உள்ளமைப்பைப் பிரித்துக்காட்ட டெனர், வெஹிகிள் என்ற சொற்களை ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் முன்வைத்தபோது ஆங்கில விமரிசன உலகில் அது பெரிய பேச்சானது. நம் பிள்ளைகள் அதற்கு ஒப்பான பகுப்பை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே எழுதிப் பழகுகிறார்கள். ஆங்கில ஆசிரியர் 'உவம உருபை விடு, பொதுத்தன்மை என்ன சொல்' என்று ஒருமுறை தமிழில் கேட்டாலே போதும்.

ஓசை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அலிட்டரேஷன் என்றால் மோனை என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், பெருமளவு உதவுகிறது. ஆனால் தமிழில் எழுத்தும் ஒலியும் நெருக்கமானவை, ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அதனால் 'சிட்டி'யையும் 'கேட்'டையும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன என்று சேர்த்துக் கோடிடுகிறார்கள். ஒலி வேறு என்பதால் அது அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்', 'ஃபாக்ஸ்' இரண்டும் எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் சேர்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால் குழப்பம் தீரும். ரைம் என்பதை எதுகை என்று சொல்லும் பழக்கத்திலும் சிக்கல் உண்டு. எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் அமைவது. ஆங்கில ரைம் அடியின் முடிவில் விழுவது. அதற்கு நெருக்கமானது இயைபு. கிப்ளிங் கவிதையின் முதல் நான்கு அடிகள் ஒன்றுவிட்டு ஒன்று இயைந்து செல்கின்றன. அந்தச் சீரான ஓசை இயந்திரத்தின் ஓட்டத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்விக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. வகுப்பில் கேட்கத் தடையும் இல்லை.

அணிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வாசிப்புச் சொற்கள். ஸ்பீக்கர், ஆடியன்ஸ், செட்டிங், டோன், இன்ஃபரன்ஸ், தீம் என்று ஆங்கில வகுப்பில் சொல்கிறார்களே, அவை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்துநான்கைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மாத்திரை, அசை, சீர், அடி போன்ற யாப்புச் செய்திகளுக்குப் பின்னால் வருபவை: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம். யார் பேசுகிறார், யாரிடம், எந்த இடத்தில், எப்போது, எதற்காக, என்ன உணர்ச்சியோடு, எதைச் சொல்லாமல் விட்டார், அதை நாம் எந்தக் குறிப்பால் அறிகிறோம். ஒரு வாசகர் ஒரு பனுவலிடம் கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாமே இதில் அடங்கிவிட்டன. அதே பட்டியலில் 'நோக்கு' என்றும் ஓர் உறுப்பு உண்டு. மாத்திரை தொடங்கி அடி வரை, வாசிப்பவரை மறுபடியும் நின்று பார்க்கச் செய்யும் தன்மையே அது. சொல் சொல்லாக நின்று வாசிப்பதை இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கல்வி தன் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதியது. அந்தப் பழக்கத்துக்குத் தமிழில் பெயரும் இடமும் முன்பே இருந்தன.

ஸ்ரீபெரும்புதூருக்கு இந்த வரலாற்றில் தனி உரிமையும் உண்டு. 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர் இது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு முதல் உரையை எழுதியவர் அவருடைய சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான். 'ஆறாயிரப்படி' என்று பெயர். முப்பத்திரண்டு எழுத்து கொண்டது ஒரு படி. அதனால் உரையின் அளவே அதன் பெயர் ஆயிற்று. பின்னர் நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்லக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிய 'ஈடு' என்னும் முப்பத்தாறாயிரப்படி என்று வரிசை வளர்ந்தது. பாசுரத்துக்குள் போகுமுன் ஈட்டில் அவதாரிகை வரும். முந்தைய பாசுரத்தோடு இதற்கு என்ன தொடர்பு, பேசுபவர் இங்கே என்ன நிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் நிலைநாட்டப்படும். அதன் பிறகுதான் சொற்பொருள். ஆழ்வார் தம் குரலில் பேசுகிறாரா, தலைவியாகவா, தாயாகவா, தோழியாகவா என்பதைத் தீர்மானிக்காமல் உரையாசிரியர் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. கவிஞரும் கவிதைக்குள் பேசுபவரும் ஒருவரே அல்லர் என்ற பாடத்தை ஆங்கில வகுப்பில் ஒரு வாரம் எடுத்து நடத்த வேண்டியிருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிற ஊரின் உரை மரபுக்கு அது அரிச்சுவடி.

பக்தி வேண்டியவர் பக்தியோடு படிக்கட்டும். உரை வாசிப்பின் ஒழுங்கை எடுத்துக்கொள்ள நம்பிக்கை தேவையில்லை. கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளை 1929-இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' நூலாக்கினார். தேர்ந்த மாணவர்கள்கூட முதலில் இடறியது கவிதையின் நேர்ப்பொருளில்தான். யார், யாரிடம், என்ன சொல்கிறார் என்பதே பலருக்குப் பிடிபடவில்லை. அணியின் பெயர் தெரியாததால் யாரும் தோற்கவில்லை. நம் திருப்புதல் வகுப்புகளின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம். முதலில் கூற்றும் கேட்போரும், அடுத்து எச்சம், கடைசியில் அணி.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வளராது என்பார்கள். தெரிந்த கருத்தின்மேல் புதிய மொழியை ஏற்றுவது எளிது. தெரியாத மொழியில் தெரியாத கருத்தை ஏற்றும்போதுதான் மனப்பாடம் ஒன்றே வழியாகிறது. பிறமொழி இலக்கணத்தோடு கலக்கலாமா என்று தமிழ்ப் பக்கத்திலிருந்தும் தயக்கம் வரலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவி முப்பத்தைந்து பொருளணிகளை வகுத்த நூல்தானே. அன்று கடல்போல் வந்த வடமொழி அணியியலைத் தமிழ் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டது. அதே தன்னம்பிக்கையோடு இன்று ஆங்கிலத்தையும் அணுகலாம்.

மூன்றாவது மறுப்புக்கு மட்டும் நான் கொஞ்சம் நிற்கிறேன். இந்தத் தொழில் வட்டாரத்துக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பள்ளிகளில் இருக்கிறார்கள். 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழும் படிக்கிறார்கள். தமிழ்ச் செய்யுள் மரபை வைத்து ஆங்கிலம் நடத்தினால் அவர்களுக்கு இரட்டைச் சுமை ஆகாதா? நியாயமான கேள்வி. ஆனால் இந்தி வழியில் நான்கு ஆண்டு படித்த பிள்ளைக்கும் உபமா, அனுப்ராஸ் என்ற பெயர்கள் காதில் விழுந்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் 'உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டால் சுமை குறையும். வகுப்பில் அதன் குரலும் ஒலிக்கும். சொந்த மொழியின் வழியாக ஆங்கிலத்துக்குள் போவது என்ற கொள்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

ஆசிரியர்களிடமும் பாடநூல் குழுவினரிடமும் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. கிப்ளிங் கவிதை வரும் வாரத்தில் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து எடுக்கட்டும். கரும்பலகையின் ஒரு பக்கம் மதுரைக் கொடியும் மறுபக்கம் இயந்திரமும் இருக்கட்டும். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோரை அழைத்து அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். வினாத்தாள் அமைப்பவர்கள் 'எந்த அணி?' என்பதோடு 'அது இந்த இடத்தில் என்ன செய்கிறது?' என்று ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வரி கூடுதலாகக் கேட்கட்டும். பாடநூல் அடுத்த முறை திருத்தப்படும்போது ஆங்கிலக் கலைச்சொல் பட்டியலின் எதிரே கூற்று, கேட்போர், களன், மெய்ப்பாடு, எச்சம் என்ற சொற்களையும் அச்சிடுங்கள். கூடுதல் நிதியோ புதிய பணியிடமோ இதற்குத் தேவையில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.